இன்று மாலை மட்டும் இந்த விலை
(தேசிய நுகர்வோர் தினத்தன்று திருத்தணியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று டிசம்பர் 24. 1986இல் இதே நாளில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த வாரம் நமக்குப் படித் திருவிழா. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று 365 படி. படிக்குப் படி கற்பூரம், படிக்குப் படி திருப்புகழ். ஆங்கிலப் புத்தாண்டு அன்று எலுமிச்சம்பழமும் மாலையுமாக வெள்ளைக்காரத் துரைமார் பங்களா வாசலில் காத்துக் கிடந்தவர்களை, "தணிகைத் துரையைப் போய்ப் பாருங்கள்" என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இந்த மலைப்பக்கம் திருப்பிவிட்ட கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யாரோ ஒருவர் கோட்டு சூட்டோடு வந்து உங்களிடம் சொல்கிறார் என்று வையுங்கள்: "ஐயா, இந்த 365 படியில் ஏழு படி உங்களுக்கு. 25 வருஷத்துக்கு உங்களுக்கு. இப்போதே நாலு லட்சம் கட்டிவிடுங்கள். எந்த ஏழு படி என்பதை அந்தந்த வருஷம் காலியாக இருப்பதைப் பார்த்துச் சொல்கிறோம். கிருத்திகை அன்று மட்டும் கேட்காதீர்கள். படியைக் கூட்டித் துடைக்க வருஷா வருஷம் தனியாகக் கட்ட வேண்டும். அது ஏறிக்கொண்டே போகும்." நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் மலைவாசஸ்தலத்து ஓட்டல் அறையை இதே நிபந்தனைகளில் விற்கிறார்கள். டைம்ஷேர் என்பது அதுதான். வெக்கேஷன் கிளப், ஹாலிடே மெம்பர்ஷிப் என்று வேறு பெயர்களிலும் அது வரும். அதைக் கேட்டு நாம் சிரிப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறோம். ஏன் போடுகிறோம் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திங்கட்கிழமை காலையில் வந்து ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கச் சொல்பவர்களில் ஒரு தனி வகை உண்டு. வீட்டில் நோய் இருக்காது, கல்யாணம் இருக்காது. "ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டிங் போயிருந்தோம் சார்" என்று ஆரம்பிப்பார்கள். கணவன் பேசுவார், மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அல்லது மனைவி பேசுவார், கணவன் பார்ப்பார்.

இந்த வியாபாரம் நமக்கு அந்நியமானது என்று நினைக்காதீர்கள். பிறந்த இடம் ஐரோப்பா. 1960களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் தொடங்கியது. ஒரு முழு வீட்டை வாங்க முடியாதவன் அதில் ஒரு வாரத்தை வாங்கட்டுமே என்ற யோசனை. யோசனையில் தப்பில்லை. 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற நிறுவனம் வந்தது. உன் ஊர் வாரத்தை எனக்குக் கொடு, என் ஊர் வாரத்தை உனக்குத் தருகிறேன் என்று மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. இந்தியாவுக்கு வந்தபோது அது வேர் பிடித்த ஊர் சென்னை. ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் 1986இல் சென்னையில் தொடங்கியது. கொடைக்கானலும் ஊட்டியும் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டும் என்று சொன்ன கம்பெனி அது. பின்னால் பணச்சிக்கலில் மாட்டி, கை மாறி, 2014இல் தாமஸ் குக் இந்தியாவிடம் போய்ச் சேர்ந்தது. 1996இல் வந்தது மஹிந்திரா ஹாலிடேஸ்; கிளப் மஹிந்திரா என்றால் எல்லோருக்கும் தெரியும். 25 வருஷம், வருஷத்துக்கு ஏழு நாள் என்பதை வீட்டுக்கு வீடு பழக்கமாக்கியவர்கள் அவர்கள். நாட்டின் பெரிய பெயர்கள் இரண்டும் நம்மிடமிருந்து ஒரு மின்சார ரயில் தூரத்தில் வளர்ந்தவை.

இதைச் சொல்வதால் அந்த இரண்டு கம்பெனிகளையும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொன்னதாக யாரும் எழுதிவிடாதீர்கள். அவர்களுக்கு விடுதிகள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், லீவு நிச்சயமாகக் கிடைக்கும் வேலை, பல மாதம் முன்னாலேயே தேதி குறித்து முன்பதிவு செய்யும் பழக்கம், கடன் வாங்காமல் கட்டக் கையில் பணம் இதெல்லாம் உள்ள குடும்பங்கள் வருஷா வருஷம் போய்விட்டுச் சந்தோஷமாக வருகின்றன. எனக்கே அப்படிச் சிலரைத் தெரியும். என் பேச்சு அறையைப் பற்றியதல்ல, அறையை விற்கும் கூடத்தைப் பற்றியது. பெரிய பெயரோ, நேற்று முளைத்த பெயரோ, கூடத்துக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

சென்னைக்குப் போகிறீர்கள். வணிக வளாகத்திலோ பெட்ரோல் பங்கிலோ பொருட்காட்சியிலோ ஒரு பையன் சீட்டை நீட்டுகிறான். லக்கி டிரா. பெயர், செல் நம்பர், வயது, வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, கார் இருக்கிறதா, கிரெடிட் கார்டு இருக்கிறதா. குலுக்கல் சீட்டுக்குக் கிரெடிட் கார்டு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சில நாளில் போன் வருகிறது. "கங்கிராஜுலேஷன்ஸ் சார், உங்க நம்பர் செலக்ட் ஆகியிருக்கு." தமிழில் எடுபடவில்லை என்றால் தெலுங்கில் தொடர்வார்கள். ஆந்திராவின் நகரிக்கும் புத்தூருக்கும் பக்கத்தில் இருக்கும் நமக்கு இரண்டும் புரியும். அது அவர்களுக்கு வசதி. பரிசு உறுதி, சாப்பாடு இலவசம், ஒன்றரை மணி நேரம் வந்து கேட்டால் போதும். ஒரே நிபந்தனை, கணவன் மனைவி இருவரும் வர வேண்டும். தனியாக வந்தால் பரிசு கிடையாது.

அந்த நிபந்தனையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நம் வீடுகளில் விற்க வருபவரைத் திருப்பி அனுப்ப ஒரு மரியாதையான வழி இருக்கிறது: "வீட்டில் கேட்டுச் சொல்றேங்க." ஆணும் சொல்வார், பெண்ணும் சொல்வார். எதிராளிக்கும் கோபம் வராது, நமக்கும் சங்கடம் இல்லை. வேண்டாம் என்ற வார்த்தையைச் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்த நொடியில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. கேட்க வேண்டிய வீடு முழுவதும் எதிரே உட்கார்ந்திருக்கிறது.

ஓர் ஆசிரியர் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். ஓட்டல் கூடத்தில் சின்னச் சின்ன மேஜைகள், பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. பக்கத்து மேஜையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. அதற்காகத்தான் அந்தப் பாட்டு. சிரித்த முகமாக ஓர் இளைஞன் வந்து உட்காருகிறான். முதல் அரை மணி விற்பனையே இல்லை. சொந்த ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், மலையில் இந்த முறை கூட்டம் எப்படி. பிறகு மெல்ல அந்த அம்மாவைப் பார்த்து, "மேடம், கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த ஊருக்குப் போகணும்னு ஆசை?" என்கிறான். அவர் தயங்கி, "சிம்லா" என்கிறார். பனியைப் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷமாகக் கணவரிடம்கூடச் சொல்லாதது. கணவர் அதை முதல்முறையாக ஓர் அந்நியன் முன்னால் கேட்கிறார். பையன் அதைத் தாளில் பெரிதாக எழுதி மேஜை நடுவில் வைக்கிறான். இனி விலையைப் பற்றி அவர் எது சொன்னாலும் அது அந்தத் தாளுக்கு எதிராகச் சொன்னதாகிவிடும்.

நடுநடுவே மணி அடிக்கும். "நம் குடும்பத்தில் சேர்ந்த புதிய உறுப்பினர்களுக்குக் கைதட்டுங்கள்" என்பார்கள். ஒன்றரை மணி நேரம் இரண்டரை மணி நேரமாகியிருக்கும். பிள்ளை பசிக்கிறது என்று அழும். பரிசு எப்போது என்று கேட்க வாய் வராது. அப்போதுதான் மேனேஜர் வருவார். ஆறு லட்சம் என்று எழுதி அடிப்பார், நாலரை என்று எழுதி அடிப்பார். "ஒரு மெம்பர் கேன்சல் பண்ணியிருக்கார், மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்" என்று எழுந்து போவார். திரும்பி வந்து மூணே முக்கால் என்பார். ஆனால் இன்று மாலை மட்டும். நாளைக்கு வந்தால் பழைய விலை.

ஆசிரியர் மெதுவாக, "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்கிறார். மேனேஜர் முகத்தில் சிரிப்புக் குறையாமல், "மாசம் எட்டாயிரம் ரூபாய் சார். மேடத்துக்காக இதுகூட முடியாதா?" என்கிறார். "ஏங்க, வேணாம், போலாம்" என்று அந்த அம்மா சொல்வது பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். கார்டு மிஷினில் போய்விட்டது. படிக்க வேண்டிய தாள் அதன் பிறகுதான் வருகிறது. முப்பது பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம்.

அந்தப் பையன்மீது எனக்குக் கோபம் இல்லை. ஏதோ ஓர் ஊரில் டிகிரி முடித்து வந்து, மாதக் கோட்டா முடித்தால்தான் சம்பளம் என்ற வேலையில் இருக்கிறான். அவனுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை பழையது. அமெரிக்க உளவியல் பேராசிரியர் ராபர்ட் சியால்டினி 1984இல் எழுதிய 'இன்ஃப்ளுயன்ஸ்' புத்தகத்தில் இதன் எலும்புக்கூடு முழுவதும் இருக்கிறது: சின்னதாக ஒன்றைக் கொடு, பெறுகிறவன் கடன்பட்டவனாவான், சின்னச் சின்ன ஆமாம்களை வாங்கு, பெரிய ஆமாம் தானாக வரும், இது தீர்ந்துபோகும் என்று சொல், கை தானாக நீளும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம்மிடம் இது இன்னும் சுலபமாகச் செல்லுபடியாகிறது. ஒரு தட்டு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவது நமக்கு நன்றிகெட்ட செயலாகத் தோன்றுகிறது. அந்த பிரியாணிக்கான காசு, வாங்கியவர்கள் கட்டிய பணத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

கூடத்தில் ஒரு கணக்குப் போடுவார்கள், அதற்கு வருவோம். "இன்றைக்கு ஓட்டல் அறை ஒரு நாளைக்கு 6,000. விலைவாசி வருஷம் 7 சதவீதம் ஏறினால் 25 வருஷத்தில் 32,000 தாண்டிவிடும். நீங்கள் இன்றைய விலையில் பூட்டிவைக்கிறீர்கள்." கணக்கு சரிதான். ஆனால் அந்த 7 சதவீதத்தை அறை வாடகைக்கு மட்டும் போடுகிறார்கள். உங்கள் நாலு லட்சத்துக்கும் அதே 7 சதவீதம் போட்டால் 25 வருஷத்தில் 21 லட்சத்துக்கு மேல் ஆகும். அதைத் தாளில் எழுத மாட்டார்கள். பராமரிப்புக் கட்டணத்துக்குப் போட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதையும் எழுத மாட்டார்கள்.

நான் வங்கிக்காரன் முறையில் போடுகிறேன். உதாரணத்துக்கு நாலு லட்சம், ஆண்டுக் கட்டணம் 15,000 என்று வையுங்கள். நாலு லட்சத்தை 7 சதவீதத்தில் டெபாசிட்டில் போட்டால் வருஷம் 28,000 வட்டி. அதையும் ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்தால் 43,000. ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு ஆறாயிரத்துச் சொச்சம். அதே ஆறாயிரம். போக்குவரத்து தனி, சாப்பாடு தனி, மெம்பர்ஷிப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. டெபாசிட்டில் இருந்திருந்தால் அசல் உங்களிடம் இருக்கும். இங்கே 25 வருஷம் முடிந்த அன்று கையில் இருப்பது போட்டோ ஆல்பம்தான். ஒரு வருஷம் போக முடியவில்லை என்றால், அந்த வருஷத்து ஏழு நாளின் கதை நிபந்தனைத் தாளின் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

கூடத்தின் அவசரத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, அது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 25 வருஷ சேவைக்கான பணம் முதலிலேயே கைக்கு வந்துவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் சேர்க்கைக் கட்டணம் என்ற பெயரில் சேர்ந்த ஆண்டிலேயே வருமானமாக எழுதிக்கொள்ளும் வழக்கம் இந்தத் தொழிலில் இருந்தது. 2018 ஏப்ரலில் புதிய கணக்கியல் விதி வந்த பிறகுதான் அதை 25 வருஷத்துக்கும் பரப்பி எழுத வேண்டியதாயிற்று. ஏற்கெனவே சேர்ந்தவருக்குச் செய்ய வேண்டியது செலவு. புதிதாகச் சேர்பவர் கொண்டுவருவது வரவு. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமைக் கூடத்தில் எட்டுப் பேர் நிற்பதும், அறை கேட்டுப் போன் செய்தால் "யுவர் கால் இஸ் இம்பார்ட்டன்ட்" என்று பாட்டுப் போடுவதும் ஆச்சரியமில்லை.

இந்தத் தொழிலின் ஓரத்தில் அசல் மோசடியும் வளர்ந்தது. மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் அறை இரவுகளை விற்றது. தங்க விருப்பமில்லை என்றால் முடிவில் லாபத்தோடு பணம் திரும்பும் என்றது. தங்கப் போகாதவனிடம் அறையை விற்றால் அது அறையா, சீட்டா? 2014 ஜூலை 31 அன்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இடைக்கால உத்தரவில் அதைப் பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கண்டது. சேர்ந்திருந்த பணம் ஏறக்குறைய 7,035 கோடி ரூபாய். போட்டவர்கள் 51 லட்சத்துக்கு மேல். கொல்கத்தாவின் ரோஸ் வேலியும் ஹாலிடே மெம்பர்ஷிப் என்ற பெயரிலும் பணம் திரட்டியது. அதன் தலைவரை 2015 மார்ச்சில் அமலாக்கத்துறை கைது செய்தது. நாம் தேக்கு மரத்துக்கும் ஈமு கோழிக்கும் பணம் கட்டிய மாநிலம். அனுபவ் பிளான்டேஷன்ஸ் சென்னையில் கவிழ்ந்த 1998ஐ இந்தக் கூடத்தில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஒன்று: தங்குவதற்கு விற்றால் டைம்ஷேர், திரும்பத் தருவதாகச் சொல்லி விற்றால் அது முதலீடு. செபியில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மற்ற நாடுகள் இந்த விற்பனைக் கூடத்தை எப்படிக் கட்டுப்படுத்தின? பிரிட்டன் 1992லேயே தனிச் சட்டம் போட்டு, கையெழுத்திட்டவருக்கு மனம் மாற 14 நாள் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 விதியிலும் 14 நாள். அந்த நாட்களில் முன்பணம் வாங்கவே கூடாது. டைம்ஷேரின் சொர்க்கம் என்று சொல்லத்தக்க ஃபுளோரிடாவில்கூடப் பத்து நாள். நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் ஐந்து வேலை நாள். இந்தச் சட்டங்கள் எதுவும் விலையைத் தொடவில்லை. ஓட்டல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. "இன்று மாலை மட்டும்" என்ற வாசகத்தை மட்டும் பிடுங்கிவிட்டன. விற்கப்படும் சரக்கே அந்த மாலைதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டில் டைம்ஷேருக்குத் தனிச் சட்டம் இல்லை, மனம் மாறக் கட்டாய அவகாசமும் இல்லை. ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தில் செய்யக்கூடாத 13 தந்திரங்களைப் பட்டியலிட்டது. பொய் அவசரம் காட்டுவது அதில் ஒன்று. மறுப்பவரைக் கூச்சப்படவைத்து வாங்கவைப்பது இன்னொன்று. செல்போன் திரையில் "மேடத்துக்காக இதுகூட முடியாதா" என்று ஒரு பொத்தான் வந்தால் அது விதிமீறல். அதையே கோட்டுப் போட்ட மேனேஜர் நேரில் சொன்னால் அந்தப் பட்டியல் எட்டிப் பார்க்காது.

அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதும், விலையில் சேர்த்துவிட்டு இலவசம் என்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. ஒருதலையான ஒப்பந்தத்தை மாநில நுகர்வோர் ஆணையம் செல்லாது என்று அறிவிக்கலாம். வேறு வழியில்லாமல் கையெழுத்திட்ட ஒருதலை நிபந்தனைகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது.

எல்லை ஊர்க்காரர்களான நமக்கு இதில் மிக முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், வழக்கென்றால் ஐதராபாத்தில்தான், மும்பையில்தான் என்று எழுதியிருப்பார்கள். பாதிப் பேர் அதைப் படித்ததும் சோர்ந்துவிடுகிறார்கள். 1960 ஏப்ரல் 1க்கு முன்னால் நம் தாத்தாமார் மாவட்டக் கச்சேரிக்குச் சித்தூர் போனார்கள். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் இந்த ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடியபோது சொன்ன காரணங்களில், நம் காரியத்தை நம் மொழியில் நம் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஒன்று. இப்போதைய சட்டப்படி புகார்தாரர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேயே வழக்குப் போடலாம். நமக்குத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "அடுத்த சீசனில் அறை தருகிறோம் சார்" என்று சொல்லிச் சொல்லியே அந்த இரண்டு வருஷத்தைக் கடத்துவார்கள்.

ஆகவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் மறுநாளே, மனம் மாறிவிட்டோம் என்று மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். போனில் பேசாதீர்கள், பேசினால் அதே பையன் அதே குரலில் மறுபடி விற்பான். பல கம்பெனிகள் தாங்களாகவே ஒப்பந்தத்தில் சில நாள் அவகாசம் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. வாய்மொழியாகத் தந்த வாக்குறுதிகளை, விமான டிக்கெட் உட்பட, அன்றிரவே நாள் போட்டு எழுதிவையுங்கள். அந்தப் பரிசு வவுச்சரையும் கிழித்துப் போடாதீர்கள். வார இறுதியில் செல்லாது, விடுமுறைக் காலத்தில் செல்லாது, பராமரிப்புத் தொகை முன்னதாகக் கட்ட வேண்டும் என்று அதன் பின்பக்கம் எழுதியிருப்பது உங்களுக்கான சாட்சியம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு. மூன்று நான்கு வருஷம் கழித்து உங்களுக்கு இன்னொரு போன் வரும். உங்கள் பெயர், மெம்பர்ஷிப் எண், கட்டிய தொகை எல்லாம் சரியாகச் சொல்வார்கள். "நீங்கள் ஏமாந்தது எங்களுக்குத் தெரியும் சார். வாங்க ஆள் இருக்கிறார், ஐந்து லட்சம் தருகிறார். வரிப் பணம் நாற்பதாயிரம் மட்டும் நீங்கள் முன்னால் கட்டுங்கள்." உலகம் முழுவதும் டைம்ஷேர் விற்ற இடமெல்லாம் இந்த இரண்டாம் அறுவடை நடக்கிறது. மெக்சிகோவின் போதைக் கும்பல் ஒன்றே இதைத் தொழிலாக நடத்தி, அமெரிக்கக் கருவூலத்துறை 2023 முதல் அதன் ஆட்கள்மீது தடை போட்டுவருகிறது என்றால் இதில் எவ்வளவு பணம் என்று பாருங்கள். உங்களிடம் பணம் தர வேண்டியவன் உங்களிடமே முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். கட்டிவிட்டீர்களா, உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். அந்த எண்ணில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

நேரம் ஆகிவிட்டது, ஆறு மணிக்கு மேல் இந்தக் கூடம் வேறொருவருக்கு. கேள்வி இருப்பவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். ஒப்பந்தத் தாளைக் கொண்டுவந்திருப்பவர்கள் முதலில். பின் வரிசையில் அந்த அம்மா ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு பேச்சு முழுக்க நின்றுகொண்டே கேட்டார்கள். நீங்க வாங்கம்மா, தேதி என்னிக்குப் போட்டிருக்காங்கன்னு பார்ப்போம். இரண்டு வருஷம் ஆகலேன்னா இன்னிக்கே எழுத ஆரம்பிச்சிடலாம்.